ஏழாம் தளத்து ஏணி

அலுவலகத்தில் அவருக்கு மேப்பு என்று பெயர். அடையாள அட்டையில் வேறு ஒன்று அச்சடித்திருக்கிறது. அதை வாசல் கதவைத் திறக்கிற இயந்திரம் மட்டும்தான் படிக்கும். மனிதர்களுக்கு அவர் மேப்பு, வயதில் சின்னவர்களுக்கு மேப்பண்ணே. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் வரைபடம் முழுவதும் அவர் மண்டைக்குள் இருக்கிறது என்பதால் வந்த பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டை எல்லோரும் ‘கப்பல்’ என்பார்கள். வந்து இருபத்து நாலு வருடம் ஆகிறது. ஒரு பாழ் கிரகத்தில் விழுந்து கிடக்கிற விண்கப்பல், அதற்குள் பன்னிரண்டு தளம். துப்பாக்கியோடு நீங்கள் ஒற்றை ஆளாக உள்ளே போக வேண்டும். உங்கள் உருவம் உங்களுக்கே தெரியாது. திரையின் அடியில் இரண்டு கையும் துப்பாக்கியும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் நீங்கள்தான். எதிரே வருகிற ஜந்துக்களைச் சுட்டுக்கொண்டே மேலே மேலே ஏறி, பன்னிரண்டாம் தளத்துக் கதவு வழியாக வெளியே வந்தால் ஆட்டம் முடிந்தது. அதில் மேப்புக்குத் தெரியாத மூலை கிடையாது.

மேப்பு எட்டாவதோடு படிப்பை முடித்தவர். முடித்தவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. கணக்கு வாத்தியாருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டார். லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் ஊதினார். கிடங்கில் பெட்டி அடுக்கினார். நடுவில் ஆறு வருடம், மணிக்கணக்கில் கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றைப் பார்த்துக்கொண்டார். எட்டு மெஷின், எட்டிலும் கப்பல். ஆள் வராத நேரத்தில் தானே ஏறி உட்கார்ந்துவிடுவார். ஆள் வந்தாலும் பின்னால் நின்றுகொண்டு, அங்கே இல்லை, தூணுக்குப் பின்னால் பார் என்று வழி சொல்லி உயிரை வாங்குவார். கடை மூடிய பிறகும் வீட்டு மெஷினில் வருடத்துக்கு நாலு தடவையாவது முதலிலிருந்து கடைசிவரை ஆடி முடிப்பார்.

“அதே ஆளுங்களத்தான திரும்பத் திரும்ப சுடறீங்க, அவங்களுக்கு அலுக்கலையா?” என்று மனைவி ஒருமுறை கேட்டாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து, எதையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிற கண் அவளுக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் கம்பெனி கப்பலைப் புதுசாக்கித் தரும் வேலையை எடுத்தது. ரீமாஸ்டர் என்பார்கள். ஆட்டம் அதேதான், எலும்பு பழசு, தோல் புதுசு. சுவர் எங்கே நிற்கிறது, எங்கே கால் வைக்கலாம், எதன்மேல் ஏறலாம் என்பதெல்லாம் எலும்பு. கண்ணுக்குத் தெரிகிற துரு, விரிசல், தண்ணீரின் பளபளப்பெல்லாம் தோல். இரண்டும் தனித்தனிக் கோப்பு. எலும்பு இருந்து தோல் வராமல் போனால், பொருள் அங்கே இருக்கும், ஆனால் தெரியாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் அஸ்திவாரம்.

கம்பெனி ஒரு நிமிட விளம்பரப் படம் ஒன்றை வெளியிட்டது. மேப்பு அதைப் பார்த்தார். அப்போது கிடங்கில் வேலை. மதிய இடைவேளையில் பெட்டி மேல் உட்கார்ந்து, அந்த ஒரு நிமிடத்தில் பதினோரு தப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் தளத்துக் கதவு மேலே போகும், நீங்கள் பக்கவாட்டில் திறக்கவிட்டிருக்கிறீர்கள். பெரிய ஜந்து இருமிவிட்டுத்தான் பாயும், உங்களுடையது இருமவில்லை. இப்படிப் பதினோரு வரி. ஒரு வாரத்தில் கூப்பிட்டார்கள். வேலை கொடுத்தார்கள். நாற்பத்து மூன்று வயதில், மண்டையில் சும்மா கிடந்த சாமான் ஒன்றுக்கு முதல்முறையாக மதிப்பு வந்தது. அவருக்குக் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னது பொய் இல்லை.

வேலை என்னவென்றால் சரிபார்ப்பது. மேசையில் இரண்டு திரை. இடப்பக்கம் பழைய கப்பல், வலப்பக்கம் புதுசு. ஒவ்வொரு அறையிலும் முதலில் பழசில் நடந்து பார்க்க வேண்டும், உடனே புதுசில் அதே நடை நடக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் குறிக்க வேண்டும். ஜோடி நடை என்று அதற்குப் பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிற வேலை. எல்லோரும் ஜோடி நடைதான் நடந்தார்கள், மேப்பைத் தவிர. அவர் பழசைத் திறப்பதே இல்லை. ‘அண்ணனுக்கு எதுக்குப் பழசு, அவரே பழசுதானே’ என்று குழுத் தலைவரே சிரித்து விட்டுவிட்டார். நாலு பேர் வேலையை ஒருவர் முடிக்கிறார், யாருக்குக் கசக்கும்?

குழுத் தலைவரை மேஸ்திரி என்பார்கள். காரணம், கப்பலின் அறைகளைக் கட்டுகிற பெண்ணைக் கொத்தனாரம்மா என்று கூப்பிட்டார்கள். கொத்தனார் இருந்தால் மேஸ்திரி வேண்டுமே. கொத்தனாரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். வாய் கொஞ்சம் நீளம், வேலை ரொம்பச் சுத்தம். மேப்பு ஒரு தப்புக் குறித்து அனுப்பினால், ‘உங்க கப்பல்ல நான் வாடகைக்குத்தான் இருக்கேன், வீட்டுக்காரர் சொன்னா மாத்திடறேன்’ என்பாள். இருவருக்கும் நல்ல ஒத்துழைப்பு.

இனி கண் விஷயம்.

போன வருடக் கடைசியில் மேப்பு அலுவலகத்துக் கண்ணாடிக் கதவில் இரண்டு தடவை இடித்துக்கொண்டார். வீட்டில் டம்ளரைத் தட்டிவிட்டார், நிலைக்கட்டையில் தோளைத் தேய்த்தார். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்போல என்று கடைக்குப் போனவரை, கடைக்காரர் கண் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார். அங்கே டாக்டரம்மா ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும்.

மேப்புக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. வெளிச்சம் என்ன தாளத்தில் வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாதபோதும் இப்போது வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அழுத்திக்கொண்டே போனார். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு முகத்தை எடுத்தார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தாள். “வெளிச்சம் வராதப்பவும் அழுத்தியிருக்கீங்க. இது ஜெயிக்கற ஆட்டம் இல்லைங்க” என்றாள்.

மறுபடி நேர்மையாகச் செய்யச் சொன்னாள். இரண்டாம் காகிதத்தில் வலது ஓரம் முழுக்கக் கறுப்பு. இடது ஓரத்தில் கறுப்பு தலைகாட்டியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது என்றாள். போனது வராது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். ஓரம் போயிருந்தால் எனக்குக் கறுப்பாகத் தெரிய வேண்டாமா என்று மேப்பு சண்டைக்குப் போவதுபோல் கேட்டார். தெரியாது, மூளை எதையாவது வைத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும், அதனால்தான் பலர் வருடக்கணக்கில் கவனிப்பதில்லை என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

மேப்பு யாரிடமும் மூச்சு விடவில்லை. பார்ப்பதுதான் வேலை, பார்வை போகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுபடி கிடங்குக்குப் போக வேண்டும், அங்கேயும் கண் வேண்டும். மனைவிக்குச் சொன்னால் அந்த நிமிடமே எல்லாம் வெட்டவெளிச்சம். அவள் கடையில் அந்த மருந்து அடுக்கடுக்காக இருக்கும். பெயரைப் பார்த்ததும் புரிந்துகொள்வாள். அதனால் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிப் போய் வேறு கடையில் வாங்கி, அலுவலக மேசை இழுப்பறையில் வைத்து, காதும் காதும் வைத்தாற்போல் விட்டுக்கொண்டார். ஐந்து மாதம் ஓடிப்போனது. காலையும் மாலையும் மனைவியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டும் போய்வந்தார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

கப்பலின் ஏழாம் தளத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டி அறை உண்டு. ஆடியவர்கள் யாரும் மறக்காத அறை. உள்ளே நுழைந்ததும் விளக்கெல்லாம் மங்கும், அடியில் தண்ணீர் ஏறும், தண்ணீருக்குள் ஜந்துக்கள். பதினோரு அடி ஓடி வலப்பக்கம் திரும்பினால் சுவரில் ஒரு இரும்பு ஏணி, பதினாலு படி. ஏறிவிட்டால் பிழைத்தீர்கள். ஏணியைக் கண்டுபிடிக்கப் பத்து நொடி பிசகினால் செத்தீர்கள்.

கொத்தனாரம்மா அந்த ஏணிக்கு நாலு நாள் செலவழித்தாள். அலுவலகக் கட்டடத்தின் பின்னால் நிஜமாகவே துருப்பிடித்த ஏணி ஒன்று இருக்கிறது. அதைப் படம் எடுத்து, துருவை அங்குலம் அங்குலமாக ஒட்டி, நடுவில் ஒரு படியை லேசாக வளைத்து, அப்படி ஒரு ஏணி. முடித்ததும் நேரே மேப்பிடம் வந்தாள். தன் மெஷினில் ஏணி தெரிகிறது, ஆனால் தோல் கோப்பு சில சமயம் தன் மெஷினிலேயே தங்கிவிடும், மற்ற மெஷினுக்கு வராது, அதனால் இந்த ஒரு அறையை மட்டும் உடனே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

மேப்பு ஓட்டினார். விளக்கு மங்கியது. விரல்கள் வழக்கம்போல் பதினோரு அடி எண்ணின, வலப்பக்கம் பாதி திரும்பி, சுவர் திரையின் வலது ஓரத்தில் இருக்கிறபடியே பதினாலு படி ஏறின. எலும்பு இருந்தது, ஏற முடிந்தது.

“இருக்கும்மா. துரு கூட நல்லா வந்திருக்கு” என்றார்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு ஏணி தெரிந்தது. இருபத்து நாலு வருடமாகப் பார்த்த ஏணி தெரிந்தது. அவள் நாலு நாளாகப் பேசிக்கொண்டிருந்த துரு அதன்மேல் தெரிந்தது. அவள் சந்தோஷமாகப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய ரசிகர்கள் இருநூறு பேருக்கு முன்கூட்டியே ஆடிப்பார்க்கக் கொடுத்தார்கள். இருநூறு பேரும் ஏணியைக் கண்ணால் தேடித் தேடி ஏழாம் தளத்தில் செத்தார்கள். சுவர் மொட்டையாக இருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளின் படம் ஒன்றை யாரோ வரைந்து போட, அது ஊரெல்லாம் சுற்றியது. கம்பெனியின் மானம் காற்றில் பறந்தது.

மேஸ்திரி எல்லோரையும் உட்கார வைத்து விசாரித்தார். விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மேப்பு பார்த்து ‘சரி’ போட்டிருக்கிறார். மேப்பு தப்புவிட்டார் என்று யாருக்கும் நினைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியானால் அதற்குப் பிறகுதான் ஏணி போயிருக்கிறது. பிறகு அந்த அறையில் கை வைத்தது யார்? பதிவைப் பார்த்தார்கள். மறுநாள் கொத்தனாரம்மா அதே அறையில் ஒரு விளக்கின் நிறத்தை மாற்றியிருந்தாள். விளக்கை மட்டும்தான் தொட்டேன் என்று அவள் சொன்னாள். மேஸ்திரி ‘ம்’ என்றார். தப்பு செய்வதுகூடப் பரவாயில்லை, செய்துவிட்டு மறைப்பவரோடு அடுத்த வேலைக்குப் போக முடியாது என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லி எழுந்தார். பொதுவாக என்ன பொதுவாக. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

மேப்பு வாயைத் திறக்கவில்லை. தோல் கோப்பு எதற்கோ கழன்றிருக்கும், தான் பார்த்தபோது இருந்தது, சத்தியமாக இருந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மத்தியானம் தேநீர் இயந்திரத்தருகே கொத்தனாரம்மா வந்து நின்றாள். சண்டை போட வருகிறாள் என்று நினைத்தார். அவள் குரல் இறங்கியிருந்தது.

“நீங்க பாத்தப்போ இருந்துச்சுல்லண்ணே?”

“இருந்துச்சும்மா.”

“அப்ப நான்தான் எதையோ செஞ்சிருக்கேன். எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது. தூக்கம் இல்லாம வேலை செஞ்ச வாரம் அது. செஞ்சுட்டு மறந்திருப்பேனோ என்னமோ.”

அவள் தன்னை நம்பவில்லை, மேப்பை நம்புகிறாள். இவர் ஒரு வார்த்தை சொன்னதற்காகத் தன் தலையையே சந்தேகப்படுகிறாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரிபார்க்கிறவர் எந்தப் பிரதியைப் பார்த்து ‘சரி’ போட்டாரோ அந்தப் பிரதியை, விளையாட்டு வெளிவரும்வரை தன் மெஷினிலேயே வைத்திருக்க வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது மேப்பு அந்தத் தேதிப் பிரதியைத் திறந்தார். ஏழாம் தளம். இந்தமுறை ஓடவில்லை. ஓரடி ஓரடியாகப் போய், உடம்பையே வலப்பக்கம் திருப்பி, சுவரைப் பார்வைக்கு நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மொட்டைச் சுவர். ஜந்து வந்து கடித்துத் தின்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்துவிட்டால் முடிந்தது. ஒரு பொத்தான். அந்தப் பிரதி வேறு யாரிடமும் இல்லை. விரலைப் பொத்தான் மேல் வைத்தார், எடுத்தார். அழிக்கவில்லை, அதைப் பெரிய நேர்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் சொல்லவும் இல்லை. மூன்று நாள் அதை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன என்று மனைவி கேட்டதற்கு வாயுத்தொல்லை என்றார். அவள் மாத்திரை கொண்டுவந்தாள். அதையும் விழுங்கினார்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமைக் கூட்டம். கொத்தனாரம்மா ஒரு காகிதத்தோடு வந்திருந்தாள். தவறு தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று அவளையே எழுதி எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. படித்துவிட்டால் அடுத்த வேலைக்கு அவள் பெயரைப் பரிசீலிப்பாராம். அவள் எழுந்து நின்றாள். காகிதத்தைப் பிரித்தாள். “பதினாறாம் தேதி நான் செஞ்ச மாற்றத்தால” என்று ஆரம்பித்தாள்.

“நிறுத்தும்மா. அவ ஒண்ணும் செய்யல” என்றார் மேப்பு.

எல்லோரும் திரும்பினார்கள். அன்றைக்கே ஏணி இல்லை, நான் பார்க்காமலே ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டேன் என்றார். மேஸ்திரி முகத்தில் கோபத்துக்குப் பதிலாக ஒரு கனிவு வந்தது, அதுதான் கொடுமை. பெரிய மனசுண்ணே உங்களுக்கு, ஆனால் கொத்தனாரம்மாவுக்காக நீங்கள் பழியைத் தூக்கிக்கொள்ள வேண்டாம் என்றார். மேப்பு தன் பிரதியைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். மொட்டைச் சுவரைப் பார்த்தும் மேஸ்திரிக்கு இறங்கவில்லை. பிரதி ஏதோ பழுதாகியிருக்கும், நீங்களாவது ஏழாம் தளத்து ஏணியைத் தவறவிடுவதாவது என்றார். சின்னவர்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே ஆடுவாரே என்றான் ஒருவன், பெருமையாக.

“கண்ணை மூடிட்டுத்தான் ஆடினேன். எனக்கு ஓரம் தெரியாது. அஞ்சு மாசமாச்சு டாக்டர் சொல்லி” என்றார் மேப்பு.

கொத்தனாரம்மா காகிதத்தை நாலாக மடித்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள்.

“துரு நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

அவள் மடித்த காகிதத்தை மேசையில் வைத்தாள். தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் தட்டினாள். என்ன செய்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. பிறகு மேப்பைப் பார்த்து, வந்து உட்காருங்கள் என்றாள். பெரிய திரையில் ஏழாம் தளம். இப்போது ஏணிக்குத் தோலும் இருந்தது, வளைந்த படியோடு.

மேப்பு உள்ளே நுழைந்தார். விளக்கு மங்கியது. பதினோரு அடி. வலப்பக்கம் திரும்பினார். முகம் சுவரில் மோதியது. படி இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி மோதினார். அங்கேயும் சுவர். தண்ணீர் ஏறியது, கடித்தது, திரை சிவந்தது. செத்தார்.

அவள் அறையையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். ஏணி இப்போது இடப்பக்கம். அங்கிருந்தவர்களுக்கெல்லாம் அது பளிச்சென்று தெரிந்தது. மறுபடி என்றாள். இந்தத் தடவை மேப்புக்கும் விஷயம் புரிந்துவிட்டது; பதினோரு அடி ஓடி இடப்பக்கம் திரும்பினார். ஆனால் விரல்களுக்கு அந்தத் திருப்பம் பழக்கமில்லை, ஏணியைத் தாண்டிப் போய் நின்று தேடினார். வலப்பக்கத்தில் ஒரு ஜந்து தண்ணீரிலிருந்து நிதானமாக எழுந்து அவர் பக்கத்திலேயே நின்றது. பெரிய திரையில் ஆள் உயரத்துக்கு இருந்தது அது. அண்ணே, வலப்பக்கம் என்றான் ஒருவன் மெதுவாக. மேப்பு இடப்பக்கமே தேடிக்கொண்டிருந்தார். அண்ணே என்று மறுபடி சொல்ல வந்தவன் பாதியில் விட்டுவிட்டான்.

மறுபடி ஆடி மூன்றாவது தடவையும் செத்ததும் கொத்தனாரம்மா எழுந்து வந்து மௌஸை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். முகத்தில் ஜெயித்த களை இல்லை. “நாலு நாளா நான் பைத்தியமாயிட்டேனோன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்று அவரிடம் மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டம் முடிந்தது என்றார்.

மேப்பு அன்றைக்கு ஸ்கூட்டரை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் போனார். மருந்துக்கடை வாசலில், மனைவி வேலை முடிந்து வெளியே வந்ததும், நடைபாதையிலேயே நிற்க வைத்துச் சொன்னார். வீட்டுக்குள் சொல்லத் தைரியம் வரவில்லை. நாலு பேர் போய்வருகிற இடம் என்றால் அவள் கத்த மாட்டாள் என்று ஒரு கணக்கு.

அவள் கத்தவில்லை. மருந்தின் பெயரைக் கேட்டாள். சொன்னார். எத்தனை வேளை, யார் டாக்டர், கடைசியாக அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கடைக்கு வருகிறவரைக் கேட்பதுபோல் கேட்டாள்.

“தினம் எத்தனை பேருக்கு இதே மருந்தை எடுத்துக் குடுக்கறேன். எப்படி விடணும்னு ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன். என் வீட்டு ஆளு வேற கடை வாசல்ல போய் நிக்கறாரு.” கொஞ்சம் நின்று, “என்னைப் பின்னால உக்கார வெச்சு ஓட்டினீங்களே” என்றாள்.

கையை நீட்டினாள். என்ன என்று ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வீதியைக் கடக்கும் இடத்தில், திரும்பிப் பார்க்காமல், அவருடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேப்பை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒருவகையில் சுலபமாக இருந்திருக்கும். அவர் தனியாக ‘சரி’ போட்ட அறை அத்தனையையும் மற்றவர்கள் திரும்ப ஜோடி நடை நடந்து பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு போட்டார். மேப்பு அதே நாற்காலியில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியீடு தள்ளிப்போனது. ஒரு வாரத்தில் பத்தொன்பது தப்பு கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் வலது ஓரத்தில். ஒவ்வொன்றையும் அவர் காதில் விழாமல் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் விழுந்தது. மேப்பண்ணே என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. வெறும் அண்ணே என்றார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைக் கூப்பிடுகிற குரலில்.

மேஸ்திரி கொத்தனாரம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். பழி சுமத்தும்போது எல்லோர் முன்னாலும், மன்னிப்பு மட்டும் தனியாக. அடுத்த வேலைக்கு அவள் பெயர் சேர்ந்தது. அவள் மேப்பின் மேசைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். கேள்வி இருந்தால் வேறு யாரிடமாவது சொல்லி அனுப்புவாள்.

ஒன்பதாம் நாள் காலை, மேப்பு ஒரு அறையைப் பற்றி யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். வலது கைக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. திரும்பினால் கொத்தனாரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

“வந்து அஞ்சு நிமிஷமாச்சு” என்றாள். எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு வந்து, மேசைக்கு எதிரில் அவர் நேர்ப்பார்வைக்குப் போட்டு உட்கார்ந்தாள். “பேச வரல. அஞ்சாம் தளத்து லிஃப்ட்டு பழசுல எந்தப் பக்கம் திறக்கும்?”

“இடப்பக்கம்.”

“நிச்சயமா?”

அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இருபத்து நாலு வருடமாகத் தெரியும். லிஃப்ட்டின் கதவு, அதன் கீறல், திறக்கும்போது வருகிற முனகல்வரை கண்முன்னால் நின்றது. ஏழாம் தளத்து ஏணியும் இப்படித்தான் நின்றது.

“பழசைப் போட்டுப் பாத்துடு” என்றார்.

அவள் இடப்பக்கத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் தூசி படிந்திருந்தது, புறங்கையால் துடைத்தாள். பழைய கப்பல் திறக்க நேரம் எடுத்தது. அவள் ஐந்தாம் தளத்துக்கு நடந்தாள், லிஃப்ட்டின் முன்னால் நின்று பொத்தானை அழுத்தினாள், பார்த்தாள். எந்தப் பக்கம் திறந்தது என்று சொல்லவில்லை. குறித்துக்கொண்டு, “அடுத்தது, கிடங்கு அறை. அதையும் பாத்துடலாம்” என்றாள்.

மேப்பு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையை முழுசாகத் திருப்பி, வலப்பக்கத் திரையில் புதுக் கப்பலின் கிடங்கு அறைச் சுவரை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தார்.